ஐம்பத்தேழு வயதில் ஓடத் தொடங்கிய அம்மாவை நிறுத்தச் சொல்லலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன், பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். அம்மா திருகோணமலையில் இருக்கிறார், 1968இல் பிறந்தவர். சீனி வருத்தம் என்று டாக்டர் சொன்னதால் இரண்டு வருடமாகக் காலையில் நடந்தார். மூன்று மாதமாக நடையை விட்டு ஓடுகிறார், வாரத்தில் ஆறு நாள், டச்சு விரிகுடாக் கடற்கரையில் தொடங்கிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில் ஏற்றம் வரைக்கும். சீனிக்கு மெட்போர்மினும் ஒரு பிரஷர் குளிசையும் எடுக்கிறார். படி இறங்கும்போது வலது முழங்கால் நோகிறது. பெரியம்மா "இந்த வயதில் என்ன ஓட்டம்" என்று சண்டை பிடிக்கிறார், அம்மாவோ அடுத்த வருடம் பத்துக் கிலோமீற்றர் ஓடப்போவதாகச் சொல்கிறார். கொழும்பில் வேலை பார்க்கும் நீங்கள், நிறுத்தச் சொல்வதா விடுவதா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அம்மா இவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை, அதனால்தான் தடுக்கவும் மனமில்லை, விடவும் பயமாக இருக்கிறது." உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். என் பதிலும் அந்தச் சந்தோசத்தைச் சுற்றித்தான் வரும்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். கிழக்கு மாகாணத்தில் பல வருடங்களாக முழங்கால், இடுப்பு, குதிக்கால் நோவோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். நாற்பது வயதுக்குப் பிறகு நானும் ஓடத் தொடங்கியவள். இருதய வைத்தியர் இல்லை, உங்கள் அம்மாவை நேரில் பரிசோதிக்கவும் இல்லை. ஆகவே குளிசைகளைப் பற்றியும் இருதயத்தைப் பற்றியும் நான் சொல்வதை அவருடைய கிளினிக் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு ஒரு பதில் வேண்டுமென்றால், நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆறு நாள் ஓட்டத்தை மூன்று நாளாக்கச் சொல்லுங்கள். ஓடுகிறேன் என்று கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கோயில் ஏற்றத்தில் ஏறினால், இறங்கும்போது நடந்து இறங்கச் சொல்லுங்கள்.

முழங்காலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரியம்மாவின் பயமும் அதுதான். ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள், சில டாக்டர்கள்கூடச் சொல்கிறார்கள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளியான ஒரு தொகுப்பில், சாதாரணமாக, உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு முழங்கால் அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் அது நூற்றுக்குப் பத்துப் பேர் அளவு. போட்டிக்காகக் கடுமையாக ஓடியவர்களில் பதின்மூன்று பேர் அளவு. இதை வைத்து ஓட்டம் முழங்காலைக் காப்பாற்றும் என்று சத்தியம் செய்ய முடியாது. முழங்கால் நல்லாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனால் அளவோடு ஓடுவது முழங்காலைத் தின்றுவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டக்காரர்களை 1984இல் இருந்து இருபது வருடத்துக்குக் கிட்ட தொடர்ந்து பார்த்தார்கள். முடிவில் ஓடியவர்களில் 15 வீதமானோரும், ஒப்பீட்டுக்கு எடுத்த மற்றவர்களில் 34 வீதமானோரும் இறந்திருந்தார்கள். எழுந்து நடப்பது, உடுப்பு மாற்றுவது போன்ற அன்றாட வேலைகளில் சிரமம் வருவதும் ஓடியவர்களுக்குப் பல வருடம் தள்ளிப்போனது. இங்கேயும் அதே எச்சரிக்கை உண்டு, தொடக்கத்திலேயே ஆரோக்கியமானவர்கள்தான் ஓட வந்திருப்பார்கள். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோதும் இடைவெளி மறையவில்லை.

அப்படியென்றால் அம்மாவுக்கு ஏன் நோகிறது? நீங்கள் எழுதியபடி பார்த்தால், முழங்காலின் முன்பக்கம், படி இறங்கும்போது, கனநேரம் இருந்துவிட்டு எழும்பும்போது. இது பெரும்பாலும் முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையில் சுமை கூடியதால் வரும் நோவு. மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால் அந்த வயதில் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும், படத்தில் தெரிகிற தேய்மானத்துக்கும் நோவின் அளவுக்கும் நெருங்கிய தொடர்பு இல்லை. எதுவாக இருந்தாலும் முதல் மருந்து ஒன்றுதான், தொடையையும் இடுப்பையும் பலப்படுத்துவது. கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி மெதுவாக இருப்பது, சுவரைப் பிடித்துக் குதிக்காலை உயர்த்தி இறக்குவது, பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். முழங்கால் வீங்கினால், மடக்கும்போது பூட்டிக்கொண்டால், சறுக்கி விழப்பார்த்தால், இரவில் படுக்கையிலும் நோகினால் அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும்.

கோட்டைப் பாதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மான்கள் குறுக்கே போகிற அந்தப் பாதை அழகானது, ஏறும்போது கிடைக்கிற நிறைவு எனக்கும் தெரியும். ஏறுவது இருதயத்துக்கும் தசைக்கும் வேலை, முழங்காலுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. இறங்கும்போதுதான் ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும், முழங்கால் சில்லில் அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் இறக்கத்தை நடக்கச் சொன்னேன். கடற்கரையும் அப்படித்தான், மணல் மென்மை, காலுக்கு நல்லது என்று நினைக்கிறோம். அதிர்ச்சி குறைவு என்பது சரி. ஆனால் பொதுபொதுவென்ற மணலில் ஓட, கெட்டித் தரையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி வேண்டும், குதிக்காலுக்கு மேலுள்ள நாரும் கெண்டைக்காலும் அதிகம் இழுபடும். ஈரமணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் மட்டும் அடி வாங்கும். போகிற தூரத்துக்குத் திரும்பியும் வந்தால் ஓரளவு சமப்படும். நோவு இருக்கிற காலத்தில் உட்துறைமுக வீதி மாதிரிச் சமதளமான பாதையோ, மக்கெய்சர் மைதானத்தில் புல் உள்ள பக்கமோ நல்லது.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம். அம்மாவின் ஆபத்து அவருடைய வயதில் இல்லை, அவருடைய உற்சாகத்தில் இருக்கிறது. புதிதாக ஓடத் தொடங்குகிறவருக்கு இருதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே பழகிவிடும். முதல் மாதம் மூச்சு வாங்கியவர் மூன்றாம் மாதம் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடுவார். ஆனால் எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கிற நாரும் பழகப் பல மாதம் எடுக்கும். மூச்சு "இன்னும் போ" என்கிறது, கால் இன்னும் தயாராகவில்லை. என்னிடம் வருகிற நடுவயது ஓட்டக்காரர்களில் அதிகம் பேர் இந்த இடைவெளிக்குள் விழுந்தவர்கள்தான், அதிலும் ஒரு நல்ல காலையில் காற்று குளிர்ந்து, கால் பறந்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஓடிவிட்டு வந்தவர்கள். தூரத்தை வாரத்துக்குப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று ஒரு விதி எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நெதர்லாந்தில் புதிதாக ஓடுகிறவர்களை இரண்டாகப் பிரித்து அந்த விதியைச் சோதித்தபோது இரு பக்கமும் ஐந்தில் ஒருவர் காயப்பட்டார். ஆனால் 5,000க்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2025இல் வந்த ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. வாரக் கணக்கைவிட, ஒரே ஓட்டத்தில் கடந்த ஒரு மாதத்தின் மிக நீண்ட தூரத்தை அதிகம் தாண்டுவதுதான் காயத்தோடு தொடர்புபட்டிருந்தது. ஒரு ஆய்வுதான், அதனால் கடைசிச் சொல் என்று எடுக்க மாட்டேன். நான் கண்ணால் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. ஆகவே அம்மாவிடம் இந்த ஒன்றைப் பக்குவமாகச் சொல்லுங்கள்: மிக நல்லாக இருக்கிற நாளில்தான் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு வேகம்? கதைத்துக்கொண்டு ஓட முடிய வேண்டும். முழு வசனம் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் கூட. இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்தாலும் அது ஓட்டம்தான், அதில் குறைச்சல் எதுவும் இல்லை. ஓடும்போது லேசாக நோகி, அடுத்த நாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். அடுத்த நாளும் கூடுதலாக நோகினால் முதல் நாள் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். கீழ்க்காலிலோ பாதத்திலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் நோகினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பில் நுண்ணிய வெடிப்பு வரும் வாய்ப்பு உண்டு. ஓடினால் எலும்பு பலப்படுமா என்று கேட்பார்கள். அந்த வயதில் ஓட்டத்தால் மட்டும் கிடைக்கிற பலன் சிறிது, பாரம் தூக்கும் பயிற்சியும் சேர்ந்தால்தான் நம்பிக்கையோடு சொல்லலாம்.

குளிசைகள். மெட்போர்மின் மட்டும் எடுக்கிறவருக்கு ஓடும்போது சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற வேறு சீனிக் குளிசைகளோ இன்சுலினோ சேர்ந்திருந்தால் கதை மாறும், ஓடுமுன் சீனி 90 mg/dLக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அம்மாவின் கிளினிக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். எப்படியிருந்தாலும் பொக்கற்றில் இரண்டு டொபி இருக்கட்டும். நடுக்கம், குளிர் வியர்வை, தலை குழம்பினால் நின்று சாப்பிட வேண்டும். பிரஷர் குளிசை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. அற்றனலோல், பிசோப்ரோலோல் வகை என்றால் இருதயத் துடிப்பை மட்டுப்படுத்தும், கைக்கடிகாரம் காட்டுகிற துடிப்பை நம்பி வேகம் தீர்மானிக்கக் கூடாது. சிறுநீர் போகச் செய்யும் வகை என்றால் வெயில் காலத்தில் உடம்பு சீக்கிரம் வறண்டுபோகும். கடற்கரை என்றாலும் வெறுங்காலோடு ஓடவே வேண்டாம், சீனி வருத்தக்காரருக்குப் பாத உணர்ச்சி குறைந்திருந்தால் சிப்பி கிழித்தது தெரியாது. ஓடிவிட்டு வந்து இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பார்ப்பது வழக்கமாக வேண்டும். சப்பாத்தைப் பற்றி: விலை கூடியது காயத்தைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. போட்டுப் பார்த்துச் சுகமாக இருக்கிறதா, பெருவிரலுக்கு முன் கொஞ்சம் இடம் இருக்கிறதா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும்.

இருதயம்தான் நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது. ஒழுங்காக ஓடுகிறவருக்கு மாரடைப்பு வருவது காலப்போக்கில் குறைகிறது, ஆனால் பழக்கமில்லாமல் திடீரென்று கடுமையாக உழைக்கிற அந்த நேரத்தில் ஆபத்து தற்காலிகமாகக் கூடும். அம்மாவுக்குச் சீனியும் பிரஷரும் இருப்பதால், வேகத்தைக் கூட்டுமுன் டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும். ஈசிஜி போதுமா, ஓடவைத்துப் பார்க்கும் சோதனை வேண்டுமா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் நெஞ்சு நோகாமலே மாரடைப்பு வரலாம். வழக்கத்துக்கு மாறான களைப்பு, மூச்சு முட்டல், தாடையிலோ முதுகிலோ இறுக்கம், தலைச்சுற்று, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. நின்றும் போகாவிட்டால் 1990க்கு அழைக்க வேண்டும், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

வெயிலைப் பற்றித் திருகோணமலைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கிற மே முதல் செப்டெம்பர் வரை, சூரியன் கடலில் இருந்து நேராக முகத்தில் அடிக்கும். வருடம் முழுவதும் 5.45க்கும் 6.25க்கும் இடையில்தான் விடிகிறது, ஏழுக்கு முன் முடித்துவிடுவது நல்லது. ஆனால் இருட்டில் ஓடினால் வேறு ஆபத்து, வாகனங்கள். லண்டனில் வாழ்ந்த பஞ்சாபிப் பெரியவர் ஃபௌஜா சிங், மனைவியையும் மகனையும் இழந்த துக்கத்தில் ஓடத் தொடங்கி, 2000இல் 89 வயதில் லண்டன் மரதனை ஓடினார், 2011இல் ரொறன்ரோவில் நூறு வயதில் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. 2025இல் அவர் இறந்தது ஓட்டத்தால் இல்லை, பஞ்சாபில் தன் ஊரில் தெருவில் போகும்போது வாகனம் மோதி. அம்மா வெளிர் நிற உடுப்புப் போட்டு, வாகனம் எதிரே வருவது தெரிகிற மாதிரித் தெருவின் வலப்பக்கமாகப் போகட்டும். நாய் துரத்தினால் ஓடாமல் நின்று நடக்க வேண்டும். கடித்தால் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொன்று, மகளிடம் எந்த அம்மாவும் சொல்ல மாட்டார். ஓடும்போது சிறுநீர் கசிவது பிள்ளை பெற்ற பெண்களுக்குச் சாதாரணமாக வருகிற ஒன்று. வெட்கத்தில் பலர் ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள், காரணம் கேட்டால் முழங்கால் என்பார்கள். சிறுநீரை அடக்க உதவும் இடுப்புக்குழி அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் இது பெரும்பாலும் குறையும், பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சரியாகச் சொல்லிக்கொடுப்பார். நீங்களே பேச்சோடு பேச்சாக, "இப்படி வருமாம், இதற்குப் பயிற்சி இருக்காம்" என்று சொல்லிவையுங்கள்.

இப்போது அந்தச் சந்தோசத்துக்கு வருகிறேன். ஓடினால் மூளையில் எண்டோர்ஃபின் சுரக்கிறது, அதுதான் காரணம் என்று எங்கும் எழுதியிருக்கும். அது அவ்வளவு உறுதியில்லை. ஜெர்மனியில் 2021இல் அந்த வழியை மருந்தால் அடைத்துவிட்டு ஓடவைத்துப் பார்த்தார்கள், சந்தோசம் அப்படியே வந்தது. உடல் சுரக்கும் வேறு பொருட்கள் காரணமாக இருக்கலாம். மனச்சோர்வை உடற்பயிற்சி குறைக்கிறது என்பது மட்டும் நன்றாக நிறுவப்பட்டது. ஆனால் உங்கள் அம்மாவின் விஷயத்தில் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. 1968இல் பிறந்தவருக்கு 1983இல் பதினைந்து வயது, யுத்தம் முடியும்போது நாற்பத்தொன்று. இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட வேண்டிய வயதில் அவருடைய ஊரில் ஊரடங்குச் சட்டம், சோதனைச் சாவடி, அடையாள அட்டை. தெருவில் ஒருவர் ஓடினால் எங்கோ ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம், பார்க்கிறவர்களும் சேர்ந்து ஓடுவார்கள். பிறகு கலியாணம், பிள்ளைகள், சமையல், 2004இல் கடல் வந்தது, பல வருடம் கடற்கரைப் பக்கம் போகாதவர்கள் எத்தனையோ பேர். அப்படி வாழ்ந்த பெண் இன்று விடியற்காலையில், யாரும் துரத்தாமல், எதற்கும் பயப்படாமல், தன் விருப்பத்துக்கு அந்தக் கடற்கரையிலேயே ஓடுகிறார். என்னிடம் வருகிற அந்த வயதுப் பெண்கள் சீனி குறைந்தது என்று சொல்லும்போது சாதாரணமாகச் சொல்வார்கள். ஓட்டத்தைப் பற்றிக் கதைக்கும்போது குரலே மாறிவிடும். இது என் ஊகம், உங்கள் அம்மாவின் காரணம் வேறாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், அவர் சொல்வதை நீங்கள் இதுவரை கேட்டிருக்க மாட்டீர்கள்.

பெரியம்மாவிடம் வாதாட வேண்டாம். முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா எழுபது வயதைத் தாண்டி 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கம் வென்றதைக் காட்டலாம், பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. எல்லோரும் அப்படி ஆக வேண்டும் என்று இல்லை, நம் பக்கத்துப் பெண் ஒருவர் அந்த வயதில் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். முடிந்தால் பெரியம்மாவை ஒரு நாள் கூடவே நடக்கக் கூப்பிடச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒன்று. தினமும் போன் எடுத்து எத்தனை கிலோமீற்றர், துடிப்பு எவ்வளவு, சீனி எவ்வளவு என்று கேட்காதீர்கள். அக்கறையில்தான் கேட்பீர்கள், ஆனால் அப்படிக் கேட்கத் தொடங்கினால் அதுவும் அவருக்கு இன்னொரு கிளினிக் ஆகிவிடும், அவருடையதாக இருக்காது. கேட்க வேண்டிய மருத்துவக் கேள்விகளை மாதத்துக்கு ஒருமுறை, கிளினிக் நாளோடு சேர்த்துக் கேளுங்கள்.

பத்துக் கிலோமீற்றர்? முடியும். மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் பலப் பயிற்சி, மற்ற நாட்களில் விரும்பினால் நடை என்று வைத்து, நேரம் பார்க்காமல், இடையிடையே நடந்து போவதற்கும் தயாராக இருந்தால், ஒரு வருடம் அதற்குத் தாராளம். படி இறங்கும்போது வருகிற நோவு ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகும் குறையாவிட்டால், கிளினிக் டாக்டரிடம் பிசியோதெரபி பிரிவுக்கு ஒரு துண்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஓடுகிற சப்பாத்தையும் கையோடு கொண்டுபோகட்டும், அடிப்பகுதி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.